அடைத்துப்போன கால் ரத்தக்குழாய்: பலூனா, பைபாஸா?

சுகர்காரர்களுக்குக் கால்விரல் கருத்தால், "விரலை எடுத்துடலாமா?" என்றுதான் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ரத்தம் போகாத காலில் விரலை வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாது. அப்புறம் பாதம், முழங்கால் என்று மேலே ஏறும்.

காலுக்கு ரத்தம் போகிறதா என்று தெரிய, கணுக்கால் பிபியைக் கை பிபியால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. சுகர்காரர்களிடம் இந்தக் கணக்கு ஏமாற்றும். ரத்தக்குழாயில் கால்சியம் படிந்து விறைத்திருந்தால், பிபி பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் நசுங்காது, அளவு 1.4-ஐயும் தாண்டும். அப்போது கால் கட்டைவிரலில் பிரஷர் பார்க்க வேண்டும்.

அடைப்பு உறுதியானால் வழி இரண்டு. ஒன்று, அடைத்த குழாய்க்குள் சிறு பலூனை விட்டு விரிக்கும் பலூன் வைத்தியம். இதில் பெரும்பாலும் தொடை இடுக்கில் ஊசித்துளைதான்; முழு மயக்கம் பொதுவாகத் தேவையில்லை. வயதானவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் பெரிய ஆறுதல். ஆனால் திரும்ப அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று பைபாஸ், பெரிய ஆபரேஷன். காலிலிருந்தே நல்ல சிரையை எடுத்து அடைப்பைத் தாண்டி ஒட்டுவார்கள். இதய பைபாஸுக்கே அந்தச் சிரையை எடுத்தாகிவிட்டது என்றால் சிக்கல். சிரைக்குப் பதில் செயற்கைக் குழாய் வைத்தால், முழங்காலுக்குக் கீழே அது அவ்வளவாகத் தாக்குப்பிடிக்காது.

எது மேல்? ஆராய்ச்சிகளே ஒத்துப்போகவில்லை. 2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், நல்ல சிரை உள்ளவர்களுக்கு பைபாஸ் முந்தியது. முழங்காலுக்குக் கீழ் அடைப்புள்ளவர்களைப் பார்த்த பேசில்-2 என்ற ஆய்வு, 2023-இல் பலூன் பக்கம் சாய்ந்தது. அதற்கு முக்கியக் காரணம் பலூன் வைத்த பிரிவில் இறப்பு குறைந்தது, கால் தப்பியதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, சிரை எப்படி இருக்கிறது, நோயாளி ஆபரேஷனைத் தாங்குவாரா என்ற இரண்டும்தான் தீர்மானிக்கும்.

அதனால்தான் முதலில் வாஸ்குலர் சர்ஜனை, அதாவது ரத்தக்குழாய் ஆபரேஷன் டாக்டரைப் பாருங்கள் என்கிறேன். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே ஊசித்துளை வழியாக வைத்தியம் செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் பலூனில் கெட்டிக்காரர். பல ஊர்களில் இதய டாக்டர்களும் காலுக்கு பலூன் போடுகிறார்கள். ஆனால் பைபாஸ் அவர்கள் கையில் இல்லை. இரண்டும் செய்யக்கூடியவர் சொல்லும் யோசனைக்கு எடை கூடுதல். "எனக்குச் சிரை நல்லா இருக்கா, ஸ்கேன் பண்ணீங்களா?" என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

இந்த அலசலெல்லாம் நாள்பட்ட அடைப்புக்குத்தான். திடீரென்று கால் வெளுத்து, ஜில்லிட்டு, வலியோடு மரத்துப்போனால் சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பியாக வேண்டும்; தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் போடுங்கள்.