கரண்டு இருக்கும்போதே அரைத்துவிட வேண்டும்: ஒரு கிரைண்டரோடு பதினான்கு மாதங்கள்

பர்மாவின் யாங்கோனில் வெட் கிரைண்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அது எத்தனை லிட்டர் என்பதையோ மோட்டாருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையோ அன்று. பாதி அரைபட்டிருக்கும்போது கரண்டு போய், நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், உள்ளே கிடக்கும் மாவோடு அது மறுபடியும் சுற்றுமா என்பதையே கேட்க வேண்டும். நான் அதைக் கேட்காமல் வாங்கினேன். ஆகவே பதினான்கு மாதங்களாகப் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். கோயம்புத்தூரில் செய்யப்பட்ட இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் அது. நிறுவனத்தின் பெயரையும் கடையின் பெயரையும் சொல்லப் போவதில்லை. நான் பார்த்த வரையில், இந்த வகைக் கிரைண்டர்கள் எல்லாவற்றின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் ஆட்டுக்கல் இல்லாமல் இல்லை. தாத்தா காலத்துக் கல் கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இன்றும் கிடக்கிறது. 1964-இல் உறவினர்களில் பாதிப் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனபோது, எடுத்துச் செல்ல முடியாதவை என்று விட்டுப்போனவற்றில் அதுவும் ஒன்று. நாங்கள் இருப்பது ஆறாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்குத் தோள்வலி வந்த பிறகு, கீழே இறங்கி ஆட்டுவதும் மாவை மேலே தூக்கி வருவதும் நின்றுபோய், சில ஆண்டுகள் மிக்ஸியிலேயே காலம் தள்ளினோம். மிக்ஸியின் கத்தி வேகமாகச் சுழல்வதால் உளுந்து சூடேறிவிடுகிறது. மாவு பொங்காமல் கனத்துப் போகிறது. அந்த இட்லியைப் பற்றி அம்மா எதுவும் சொன்னதில்லை. தட்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார், அவ்வளவுதான்.

அனவ்ரதா சாலையை ஒட்டிய தெருவொன்றில், இந்தியச் சாமான் விற்கும் கடையில் இதை வாங்கினேன். கடைக்காரர் போட்டுக் காட்டியபோது கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கல்லும் பாத்திரமும் மோட்டாருமாக, ஒருவர் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறுவதற்கு அது கடினமான கனம். நானும் மகனும் இரண்டு தவணையாக ஏற்றினோம். புதுக் கல்லில் நேராக மாவு அரைக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் கல்தூள் போகும்வரை ஊறவைத்த அரிசியைப் போட்டு அரைத்து, அரைத்ததைக் கொட்டிவிட வேண்டும். கையேடு இரண்டு முறை என்றது, அம்மா நான்கு முறை என்றார், நான்காவது முறையும் விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்த பிறகே சரி என்றார்.

இனி முக்கியமான விஷயமாகிய உளுந்துக்கு வருகிறேன். இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். இங்கே மாட்பே என்று அழைக்கப்படும் இந்தப் பயறு, நெல் அறுத்த ஈரத்திலேயே பகோவிலும் ஐராவதி டெல்டாவிலும் விதைக்கப்பட்டு, பெரும்பகுதி இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. தமிழ்நாட்டில் இட்லி சாப்பிடுகிற பலர், அதில் பர்மா மண்ணில் விளைந்த உளுந்தும் கலந்திருக்கக்கூடும் என்பதை அறியமாட்டார்கள். மாசி, பங்குனியில் புது உளுந்து சந்தைக்கு வந்ததும் தெய்ன்ஜி ஜே என்ற யாங்கோன் சந்தையில் வாங்கி வந்து அரைத்துப் பார்த்தால், இந்தக் கிரைண்டரின் அருமை தெரியும். முதல் ஐந்து நிமிடம் பருப்பு கல்லுக்கு அடியில் நறநறவென்று முனகும். பிறகு சத்தம் தணிந்து, ஒரு கரண்டித் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க மாவு வெண்ணெய் போல எழும்பிக் கல்லைச் சுற்றி ஏறும். இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டால் மிதக்கிறது. பாத்திரத்தைத் தொட்டால் சூடு இல்லை. இந்த ஒன்றுக்காகவே முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஓசையும் குறைவு. மின்விசிறியை இரண்டாம் எண்ணில் வைத்தது போன்ற இரைச்சல்தான் வருகிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரு பானை உளுந்துக்கு நான் இருபது பக்கம் படித்துவிடுகிறேன்.

ஆனால் இதெல்லாம் கரண்டு இருக்கும்போது நடக்கிற கதை. 2021-க்குப் பிறகு இந்த நகரத்தில் மின்வெட்டு பெருகியது எல்லோருக்கும் தெரிந்ததே. எங்கள் வட்டாரத்தில் நான்கு மணி நேரம் இருந்தால் நான்கு மணி நேரம் இராது, அந்தக் கணக்கும் சில நாள் தவறிவிடும். 'மீ லாபி', அதாவது கரண்டு வந்துவிட்டது, என்று தெருவே கூவினால் தண்ணீர் மோட்டார், சலவை இயந்திரம், அயன் பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும், வோல்டேஜ் இறங்கிவிடும். 230 வோல்ட் என்று பொறித்திருக்கும் இந்த மோட்டார், அந்த முதல் அரை மணி நேரத்தில் 'உம்' என்று உறுமிக்கொண்டு நிற்குமே தவிரச் சுற்றாது. வாங்கிய இரண்டாவது வாரமே, அரிசி பாதி அரைபட்டிருக்கையில் கரண்டு போயிற்று. வந்ததும் அப்படியே சுவிட்சைப் போட்டேன். அடியில் குளிர்ந்து இறுகிய மாவின் மேல் கல் உட்கார்ந்திருந்தது. மோட்டார் உறும, பெல்ட் வழுக்கி ரப்பர் கருகும் வாடை வீட்டை நிறைத்தது.

புதுப் பெல்ட்டுக்காகக் கடைக்குப் போனபோது, உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமே, பெல்ட்டுக்கு அன்று என்றார்கள். தனியாக விற்கவும் அவர்களிடம் இல்லை. சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பெட்டியில் இரண்டு கொண்டுவந்து கொடுக்கும்வரை ஏழு வாரம் அந்த இயந்திரம் மேஜைமேல் சும்மா இருந்தது. பெல்ட்டை மாற்றுவது எளிது: அடித்தட்டின் நான்கு திருகுகளைக் கழற்றினால் போதும், கடைக்காரர் தேவையில்லை. அதன் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது. கரண்டு வந்து அரை மணி நேரம் பொறுத்து, ஸ்டெபிலைசர் வழியாகப் போடுகிறேன். முதலில் உளுந்தை முடித்து எடுத்துவிடுகிறேன். நடுவில் நின்றுவிட்டால் கல்லைத் தூக்கி மாவை வழித்துவிட்டு, வெறும் பாத்திரம் சுற்றத் தொடங்கிய பிறகே மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விடுகிறேன். இவ்வளவு செய்தும் ஒரு மாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நான்கு மணி நேரத்துக்குள் தாராளமாக அடங்குகிறது. அரைத்த மாவை வைக்கிற குளிர்பெட்டியும் அதே கரண்டைத்தான் நம்பியிருக்கிறது என்பதால், சித்திரை வெயிலில் இரண்டாம் நாளே மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளுவது கிரைண்டரின் குற்றமாகாது.

இரண்டு லிட்டர் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அளவு என்பது கெட்டிப்பால் டின்தான், எட்டு டின் சேர்ந்தால் ஒரு ப்யீ என்ற பர்மிய அளவு. நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் நான்கு டின் அரிசி போட்டால் மாவு விளிம்பைத் தாண்டி மேஜையில் வழிகிறது. மூன்று டின் அரிசியும் முக்கால் டின் உளுந்தும்தான் இதன் உண்மையான கொள்ளளவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இது மூன்று வேளைக்கு வரும். பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டியும் தோசைக்கு வரும் நாளில் இரண்டரை வேளைதான். நம் தோசை பர்மிய மொழியில் தோஷே ஆகிவிட்டது. அவர்கள் எழுதும் எழுத்தில் அதைப் படித்தால் 'குட்டை, நெட்டை' என்று பொருள் வருவதைச் சொல்லி அந்தப் பாட்டி ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

கூடவே வந்த தேங்காய்த் துருவி நன்றாக இருக்கிறது. மாவு பிசையும் கம்பியை ஒரு முறைதான் போட்டோம். கோதுமை மாவு அதைச் சுற்றிக் கட்டிப்போய்க் கையாலேயே பிசைந்து முடித்தோம்.

மசாலா, சட்னி எல்லாம் அரைக்கலாம் என்று பெட்டியில் படம் போட்டிருந்தாலும், எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. படையலுக்கு அரைக்கிற கல்லில் வெங்காயமும் பூண்டும் படக் கூடாது என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை மாவு அரைத்தபோது அவர் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். படைக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. எனவே கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மாவைத் தேய்த்துத் தேய்த்து, திரி திரியாக ஒன்றும் தட்டுப்படாதபோதுதான் நிறுத்தச் சொன்னார். பச்சரிசி இவ்வளவு நைசாக ஆட்டுக்கல்லிலும் வந்ததில்லை என்று அன்று அவரே ஒப்புக்கொண்டார். தீபாவளிக்கு மெதுவடை மாவில்தான் சற்றுத் தடுமாறியது. தண்ணீர் தெளிக்காமல் கெட்டியாக அரைக்க வேண்டியிருப்பதால் மாவு கல்லோடு சேர்ந்து சுற்றுகிறதே ஒழிய அரைபடுவதில்லை. பக்கவாட்டில் மாவை வழித்துவிடும் பிளாஸ்டிக் தகடு அதற்குப் போதுமான உறுதியோடு இல்லை. மரக்கரண்டியும் கையுமாக ஒருவர் கூடவே நிற்க வேண்டும். வடைக்காக மட்டும் வாங்குகிறவர் யோசித்துக்கொள்ளட்டும்.

குறைகளில் அற்பமானதும் எரிச்சல் மூட்டுவதும் மூடிதான். கண்ணாடி போன்ற அந்த பிளாஸ்டிக் மூடியின் கொக்கி நான்காம் மாதம் ஒடிந்தது. கடையில் அதுவும் கிடைக்கவில்லை. இந்த நகரத்து மாடி வீடுகள் பலவற்றிலும் போல எங்கள் பால்கனியிலிருந்தும், கீழே மாட்டுவதை மேலே இழுத்துக்கொள்ள, தெருவுக்கு ஒரு கயிறு தொங்குகிறது. அதன் நுனியில் இருந்த கிளிப்பைக் கழற்றி மூடியில் மாட்டினேன், கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அன்றிலிருந்து, நாங்கள் மாவு அரைக்கிற நாளில் பத்திரிகை போடுகிறவர் கீழிருந்து மணியை அடித்து, தாளை எதில் மாட்டுவது என்று கேட்கிறார். இன்னொரு கிளிப் வாங்கச் சொல்லி அம்மா மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.