வேலூரில் கார் ஆயில் மாற்ற: கம்பெனி சர்வீஸா, தெரிந்த மெக்கானிக்கா?

வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டர். முடிந்த பிறகு, ஆயில் கேனை நீங்களே வாங்கிக்கொண்டு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். வேலூரில் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

கம்பெனி சர்வீஸில் பெரிய பலம் பதிவு. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்த ஆயில் போட்டார்கள் என்பது பில்லோடு நிற்கும். நாளைக்கு இன்ஜினில் ஏதாவது ஆகி வாரண்டி கேட்டால் முதலில் பார்ப்பது அதைத்தான். காரை விற்கும்போதும் அந்தப் பில்களுக்கு மதிப்பு உண்டு. குறை என்னவென்றால், பெரும்பாலும் பேரலில் இருந்து ஊற்றுவார்கள், நம் கண்ணுக்குத் தெரியாது. அதோடு இன்ஜின் ஃப்ளஷ், கோட்டிங் என்று பில்லில் இரண்டு மூன்று வரி கூடும். கையேட்டில் இல்லாத எதையும் வேண்டாம் என்று ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் லேபர் குறைவு, பக்கத்தில் நின்று பார்க்கலாம். பார்க்க வேண்டியது மூன்று விஷயம். இன்ஜின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்குகிறாரா? ஆயிலை இறக்க அடியில் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுகிறாரா? ஃபில்டரை மாற்றுகிறாரா? அந்தச் சின்ன வாஷரைப் பழையதே போதும் என்று விட்டுவிடுவார்கள். பத்து நாள் கழித்து வீட்டு வாசலில் சொட்டுச் சொட்டாகக் கறை தெரியும். சீல் உடைக்காத கேனை உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள், மீதி ஆயிலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், டாப்-அப்புக்கு ஆகும். காலிக் கேனில் ஓட்டை போட்டுவிட்டால் போலி ஆயில் அடைக்க யாருக்கும் பயன்படாது.

மல்ட்டி பிராண்ட் சர்வீஸ் கடைகள் இந்த இரண்டுக்கும் நடுவில். பில் தருவார்கள். ஆனால் உங்கள் வண்டிக்கான கிரேடு (கேனில் இருக்கும் 5டபிள்யூ-30 போன்ற எண்) கையிருப்பில் இல்லையென்றால் இருப்பதை ஊற்றிவிடும் ஆபத்து உண்டு, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். வீட்டிலேயே மாற்றுவதை நான் சொல்லமாட்டேன். பழைய ஆயில் அபாயக் கழிவு. அதைக் கால்வாயில் ஊற்றினால் கடைசியில் பாலாற்றுக்குத்தான் போகும். ஏற்கெனவே தோல் தொழிற்சாலைக் கழிவில் அந்த ஆறு பட்டது போதும்.

இனி ஆயில். நம்ம ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சார், 0டபிள்யூ-20 தண்ணி மாதிரி இருக்கும், வேலூர் வெயிலுக்குத் தாங்காது. 20டபிள்யூ-40 ஊத்திடலாம்." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் புதிய கார்களுக்கு இது தவறு. டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண், ஆயில் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிப்பது. வெளியே மார்கழியோ அக்னி நட்சத்திரமோ, தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் கூலன்ட்டை ஏறக்குறைய 90 டிகிரியில் வைத்திருக்கும். கெட்டி ஆயில் ஊற்றினால் ஸ்டார்ட் செய்தவுடன் மேல் பாகங்களுக்கு ஏற நேரமாகும், மைலேஜும் குறையும். பழைய கார் என்றால் கையேட்டிலேயே 20டபிள்யூ-40 இருக்கலாம், அப்போது அதையே போடுங்கள். கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

எண்ணோடு ஏபிஐ தரத்தையும் பாருங்கள், அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு ஆயிலுக்குத் தரும் தர எழுத்து அது. பெட்ரோல் கார்களுக்கு 2020இல் வந்த எஸ்பி, முந்தைய எஸ்என்னைவிட மேல். டர்போ பெட்ரோல் வண்டிக்கு எஸ்பியே வாங்குங்கள். பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் இருப்பதால் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று லாரிக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றினால் டிபிஎஃப் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதை மாற்றும் செலவு பல வருட ஆயில் செலவைத் தாண்டிவிடும்.

சிந்தெடிக்கா, மினரலா? 0டபிள்யூ-20 என்றாலே பெரும்பாலும் சிந்தெடிக்தான். 5டபிள்யூ-30இலும் நான் சிந்தெடிக்கையே எடுப்பேன், சூட்டில் சீக்கிரம் கெடாது.

எப்போது மாற்றுவது? பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. காட்பாடி மேம்பாலத்திலும் சிஎம்சி முன்னாலும் ஏசி போட்டு நிற்கும் நேரத்தில் மீட்டர் ஓடாது, இன்ஜின் ஓடும். பெங்களூருக்கும் சென்னைக்கும் ஹைவேயில் போகும் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு போதும். ஊருக்குள் மட்டும் ஓடும் கார் 4,000ஐத் தாண்டாவிட்டாலும் வருடம் ஆனதும் மாற்றுங்கள். அதுவே டிபிஎஃப் உள்ள டீசல் கார் என்றால் மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அளவு குறையாமல் ஏறியிருந்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது. தேதியைப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.