மணல் மாதிரித் தரவுகளை ஒன்றிணைத்துப் பதிவேற்றும் சேவை: ஒரு மதிப்பீடு

மணவாளக்குறிச்சிக்கும் முட்டத்திற்கும் இடைப்பட்ட கடற்கரையில் மூன்று பருவங்களாக எங்கள் குழு சேகரித்த, இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகிய கனிமங்கள் கலந்த மணல் மாதிரிகளின் தரவுகளை ஒன்றிணைத்து மையத் தரவுத்தளத்தில் பதிவேற்றும் பணியை, நாகர்கோவிலில் உள்ள ஒரு சிறு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். களக்குறிப்பும் ஆய்வகப் பகுப்பாய்வும் தனித்தனி எக்செல் கோப்புகளில் இருந்தன. இரண்டையும் இணைக்கும் ஒரே சரடு மாதிரி எண்தான்.

அந்தச் சரட்டை அவர்கள் காத்த விதம் மனநிறைவளித்தது. 5-12 போன்ற எண்ணை எக்செல் தேதியாக மாற்றிவிடும், 007 என்பதில் முன்னுள்ள சுழியங்களை நீக்கிவிடும் என்பதறிந்து, மாதிரி எண்கள் உள்ள நிரல் (column) முழுவதையும் முதலிலேயே எழுத்து வடிவில் அமைத்தார்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்த சில வரிசைகளையும் கண்டுபிடித்தார்கள். விட்டிருந்தால் நம் குமரிக் கடற்கரை மணல் ஆர்க்டிக் கடலில் பதிவாகியிருக்கும்.

ஆனால், கருவியின் கண்டறியும் வரம்பிற்கு (அது நம்பகமாகக் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவிற்கு) கீழான அளவுகளை எங்களைக் கேளாமல் சுழியமாக மாற்றியது பெரும் பிழை. "5-க்குக் குறைவு" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றல்ல, சராசரியே பிறழ்ந்துவிடும். சுட்டிக்காட்டியதும் கூடுதல் கட்டணமின்றித் திருத்தினார்கள். பழைய நிலவரைபடங்களின் எவரெஸ்ட் ஆயத்தளத்தில் (ஆயங்களைக் கணக்கிடும் பழைய அடிப்படை அமைப்பில்) குறித்த இடங்களை, இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அமைப்புக்கு மாற்றினார்களா என்பதையும் நாங்களே சரிபார்க்க வேண்டியிருந்தது. மாற்றாவிட்டால் நூறு மீட்டருக்கு மேலும் இடம் விலகும்.

கட்டணம் நியாயமானது. மூலக் கோப்புகளின் நகலை வைத்துக்கொண்டு, "5-க்குக் குறைவு" போன்ற வரம்புக் குறியீடுகளை எப்படிக் கையாள வேண்டும் என்பதை எழுத்தில் தெளிவுபடுத்திய பின்னரே அவர்களிடம் பணியை ஒப்படையுங்கள்.