டெக்சாஸ் குழுவா, கொலராடோ குழுவா?

அமெரிக்காவின் இந்த இரு மாநிலங்களிலும் தொழில், வியாபாரம் சார்ந்த மசோதா முதலில் போவது சட்டமன்றக் குழுவுக்குத்தான். டெக்சாஸ் செனட்டில் வணிக, வர்த்தகக் குழு. கொலராடோ செனட்டில் வணிகம், தொழிலாளர், தொழில்நுட்பக் குழு. வேலை ஏறக்குறைய ஒன்றே. அதிகாரம் யார் கையில் என்பதில்தான் வித்தியாசம்.

டெக்சாஸில் குழுத் தலைவர் வைத்ததுதான் சட்டம். விசாரணைக்குத் தேதி கொடுக்காவிட்டால் மசோதா அப்படியே கிடக்கும். எதிர்த்தது யார் என்று பதிவும் இருக்காது. வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதுவும் அதிகபட்சம் 140 நாள், இழுத்தடித்தாலே போதும்.

கொலராடோவில் 1988-ல் வாக்காளர்கள் ஏற்ற அரசியல் சட்டத் திருத்தம் இந்த வழியை அடைத்துவிட்டது. குழுவுக்கு வரும் ஒவ்வொரு மசோதாவையும் அதன் தகுதியைப் பார்த்துப் பரிசீலித்தே ஆக வேண்டும். சரி, எல்லாம் பிழைத்துவிடுமா? எங்கே! 'காலவரையின்றி ஒத்திவைப்பு' என்று ஓட்டுப் போட்டே கதையை முடிப்பார்கள். ஆனால் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பதிவாகும். அதற்கு முன் கடை முதலாளியும் தொழிற்சங்கக்காரரும் குழுவின் முன் உட்கார்ந்து தங்கள் தரப்பைச் சொல்லியிருப்பார்கள்.

நேரம் மிச்சமாவது டெக்சாஸ் முறையில்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் புதிய உரிமக் கட்டணத்தை எதிர்க்கும் சிறு வியாபாரிக்குக் கொலராடோ முறைதான் தோது.