பயிற்சி டாக்டர்களின் ஆய்வை எதால் அளப்பது: கட்டுரை எண்ணிக்கையா, எச்-இன்டெக்ஸா, புள்ளிப் பதிவேடா?

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கத்தில் நான் பணிபுரியும் மருத்துவமனையில் குடும்ப மருத்துவம் பயிலும் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைத் தகுதி) டாக்டர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வுப் பணியை அளக்க ஒரு முறை வேண்டும் என்று வந்தபோது மூன்று வழிகளைப் பரிசீலித்தோம். கடைசியில், ஆய்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் புள்ளி தரும் பதிவேட்டைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் நான் அதன் கட்சிதான்.

எச்-இன்டெக்ஸைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு அது. ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் தலா ஐந்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு ஐந்து. ஒரே கட்டுரை எழுதியவருக்கு, அதை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும், ஒன்றுதான். பயிற்சிக் காலத்தில் எல்லோருக்கும் சுழியம் அல்லது ஒன்று வருகிற அளவுகோலால் யாரை யாரிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியும்? வழிகாட்டிப் பேராசிரியர்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

கட்டுரைகளை எண்ணுவது எளிது; சண்டை வராது. பழைய மருத்துவக் கவுன்சில் விதிகளே முதுநிலை மாணவர் ஒரு கட்டுரையாவது ஆய்விதழுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்றன. ஆனால் முதல் ஆசிரியரும் எட்டாவது ஆசிரியரும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுதான். பணம் கட்டினால் எதையும் அச்சிடும் ஆய்விதழ்களுக்கு வாசலைத் திறந்துவிடுவதும் இதே எண்ணிக்கைதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது காலம். பயிற்சி மூன்றே ஆண்டுகள். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் அணு ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952இல், இதே நீலகிரிப் பழங்குடியினரிடம். அந்த நோயாளிகள் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறார்களா என்று ஒரு டாக்டர் ஆராய விரும்புகிறார். ஆய்வுத் திட்டம் எழுதி நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். ஒப்புதல் படிவத்தைப் பணியர் என்ற பழங்குடியினரின் மொழியில் வாய்விட்டுச் சொல்ல ஊர்ச் சுகாதாரப் பணியாளர் உடன் வர வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் பந்தலூர்ப் பக்கம் சாலை சரிந்தால் அந்த வாரம் போச்சு. சாலை நன்றாக இருக்கும் நாளிலும் யானை நடமாட்டத்தால் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். தரவு சேர்ந்து, கட்டுரை எழுதி, ஆய்விதழிலிருந்து பதில் வருவதற்குள் அவர் தேர்வை முடித்துவிட்டு வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். எண்ணிக்கை முறையில் அவருக்குச் சுழியம். ஓர் அரிய நோயாளியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வெளியிட்டவருக்கு ஒன்று. இதைப் பார்த்த அடுத்த ஆண்டு மாணவர் எந்த ஊருக்குள் கால் வைப்பார்? நோயாளிகளுக்கு எது தேவையோ அந்த ஆய்வையே இந்த அளவுகோல் தண்டிக்கிறது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

எங்கள் பதிவேடு நீள பைண்டு போட்ட ஒரு கணக்கு நோட்டு. ஓர் ஆய்வுக்கு ஒரு வரிசை. கட்டங்கள்: திட்டம், நெறிமுறை அனுமதி, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, மாநாட்டில் வாசிப்பு, கட்டுரை. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. கட்டுரைக்கு மற்றவற்றைவிட அதிகம். அதிலும் முதல் ஆசிரியருக்குக் கூடுதல். "வித்தியாசம் எதுவும் இல்லை" என்று முடிந்த ஆய்வுக்கும் புள்ளி குறையாது. யார் எந்த வேலையைச் செய்தார் என்று எழுதும் கட்டத்துக்கு, ஆய்விதழ்கள் பின்பற்றும் 14 பங்களிப்பு வகைகளைப் பார்த்துச் சுருக்கிக்கொண்டோம்.

பராமரிப்பு இதற்குக் கட்டாயம். மாதம் ஒருமுறை நோட்டைத் திறக்க வேண்டும்; அனுமதிக் கடித நகலைப் பார்த்த பிறகே புள்ளி போட வேண்டும். கையெழுத்து வழிகாட்டியுடையதாக இருக்கக் கூடாது. ஆய்வில் சம்பந்தப்படாத இன்னொரு மூத்த டாக்டருடையதாக இருக்க வேண்டும். சில மாதங்கள் விட்டுவிட்டால் அவரவர் நினைவுக்கு வந்ததெல்லாம் புள்ளியாகிவிடும். இதற்கு ஆள் இல்லாத இடத்தில் முதல் ஆசிரியர் கட்டுரைகளை மட்டும் எண்ணிக்கொள்வதே மேல்.

எங்களிடம் பயிற்சி பெறுபவர்கள் மிகச் சிலர். நூற்றுக்கணக்கில் முதுநிலை மாணவர்கள் படிக்கும் சமவெளிக் கல்லூரிகளில் இது தாக்குப்பிடிக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு துறைகளை இந்தப் புள்ளிகளால் ஒப்பிடுவதையும் நான் ஏற்கவில்லை. அறுவை சிகிச்சைக்கும் மனநல மருத்துவத்துக்கும் ஆய்வின் வேகமே வேறு. புள்ளியைப் பார்த்து ஆய்வேட்டைப் படிக்காமல் விடுவதும் கூடாது. ஆய்விதழின் மதிப்பெண்ணை நம்பி ஓர் ஆராய்ச்சியை எடைபோடாதீர்கள் என்று, ஆய்வு மதிப்பீடு பற்றி 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

மாவட்ட மருத்துவமனைகளில் மூன்று மாதம் கட்டாயப் பணி செய்யும் முதுநிலை மாணவர்களுக்கு முழு நோட்டு தேவையில்லை. தரவு சேகரிப்பில் அவர்கள் செய்த பங்கை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தனுப்பினால் போதும்; அவரவர் கல்லூரியில் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.