அளவு கொடுத்துச் செய்த டிரைவ் ஷாஃப்ட்: ஐந்துக்கு நான்கு

என்னுடையது 1970 செவர்லே ஷெவெல். டிஹெச் 350 ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியை இறக்கிவிட்டு டிரெமெக் டிகேஎக்ஸ் ஐந்து கியர் மேனுவல் பெட்டியை ஏற்றினேன். கிளட்ச், பெடல் வேலையெல்லாம் ஒருவழியாக முடிந்தது. பெட்டியின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் பழைய டிரைவ் ஷாஃப்டைத் தூக்கி வைத்தால், அதன் முன் யோக் (முனையில் உள்ள கவட்டை இணைப்பு) பெட்டிக்குள்ளேயே போகவில்லை. பழைய பெட்டியின் வெளித்தண்டில் ஸ்ப்லைன் (நீளவாக்கில் வெட்டிய பல்வரிசை) 27 பல், புதியதில் 31. நீளமும் சரிப்படவில்லை. அளவு கொடுத்தால் செய்து அனுப்பும் ஒரு பட்டறையில் புதிதாகச் சொன்னேன்.

அவர்களிடம் எனக்குப் பிடித்தது, அளவை அனுப்பியதும் வந்த போன்தான். "அளக்கும்போது பின் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா, தரையில் நின்றதா?" ஜாக்கியில் ஏற்றி, ஆக்சில் தொங்கத் தொங்கத்தான் அளந்திருந்தேன். மறுபடி வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்படி நிறுத்தி, கியர் பாக்ஸ் சீலிலிருந்து பின் ஆக்சிலின் பினியன் யோக்கில் (ஷாஃப்ட் வந்து மாட்டும் கவட்டை) ஜாயிண்டின் கப் உட்காரும் பள்ளத்தின் மையம் வரை டேப் பிடித்தேன். ஏறக்குறைய அரை அங்குல வித்தியாசம்! அவர்கள் கேட்காமல் விட்டிருந்தால் ஷாஃப்ட் வீண்தான்.

வந்த சரக்கு நேர்த்தி. வெல்டிங் சீராக ஓடியிருந்தது, பேலன்ஸ் வெயிட் ஒட்டியிருந்தது, இரண்டு முனை யோக்கும் ஒரே கோட்டில் இருந்தன. ஜாயிண்ட் அளவு இரண்டு பக்கமும் வேறு: பினியன் யோக் பழைய ஜிஎம் 3ஆர் அளவு, ஷாஃப்ட் 1310 அளவு. இரண்டுக்கும் பொருந்துகிற கிராஸை (ஜாயிண்டின் நடுவில் இருக்கும் சிலுவைத் துண்டு) போட்டே அனுப்பியிருந்தார்கள். பின்பக்கம் மாட்டியதும் முன் யோக் முழு ஆழத்திலிருந்து முக்கால் அங்குலம் வெளியே நின்றது. ஆக்சில் ஏறி இறங்க அந்த இடம் வேண்டும்.

அப்புறம் ஓட்டிப் பார்த்தேன். 60 மைல் வேகம் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல். பேலன்ஸ் சரியில்லை என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் பட்டறையை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். போன் செய்தால் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "கோணம் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. கியர் பாக்ஸின் வால் 5 டிகிரி கீழே சாய்ந்திருந்தது, பினியன் 2 டிகிரி மேல்நோக்கி. இரண்டும் சமமாக இருந்தால்தான் முன் ஜாயிண்ட் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயிண்ட் சரிசெய்யும். இல்லையென்றால் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை அதிரும். குற்றவாளி நான்தான். பெட்டியின் மேல்பகுதி டனலில் (காரின் தரை நடுவே எழும் மேடு) இடிக்கிறதே என்று, பெட்டியைத் தாங்கும் கிராஸ் மெம்பரில் ஸ்பேசர் வைத்து வாலை இறக்கியிருந்தேன். ஸ்பேசரை எடுத்துவிட்டு டனலைச் சுத்தியலால் தட்டி இடம் பண்ணினேன். 5 டிகிரி இரண்டரைக்கு வந்தது, உறுமல் போன இடம் தெரியவில்லை.

குறை என்று பார்த்தால் பின் கிராஸின் கிரீஸ் நிப்பிள். அதைப் பினியன் யோக் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மாட்டிய பிறகு கிரீஸ் கன்னின் மூக்கு அங்கே நுழையாது. ஒவ்வொரு முறையும் கப்பைப் பிடித்திருக்கும் ஸ்ட்ராப்பைக் கழற்றி ஷாஃப்டை இறக்கித்தான் கிரீஸ் அடிக்க வேண்டும். ஒரு நட்சத்திரம் குறைத்தது அதற்காகத்தான்.