உப்புக்கறைக்கு ஆசிட்டா, வினிகரா, எலுமிச்சை உப்பா?

போர் தண்ணீர் வரும் வீட்டில் பாத்ரூம் தரையையும் கமோடையும் எல்லோரும் தேய்த்துவிடுகிறோம். உப்புக்கறை பிடித்தும் விட்டுப்போவது வேறு இடங்கள். ஷவரின் துளைகள், குழாய் வாயில் திருகியிருக்கும் சல்லடை, குழாய் சுவரோடு சேரும் அடிப்பாகம், கமோடின் உள்விளிம்புக்குக் கீழே தண்ணீர் இறங்கும் ஓட்டைகள். ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொண்டு தண்ணீர் பக்கவாட்டில் சீறும்போதுதான் அந்தப் பக்கம் கண் போகும். இந்தக் கறைக்குக் காரணம் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள். குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. சென்னைப் புறநகர் போர்களில் அந்த 600-ஐத் தாண்டுவதும் உண்டு.

இப்போதிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்த புதிதில் ஆசிட், வினிகர், எலுமிச்சை உப்பு மூன்றையும் யோசித்துப் பார்த்து எலுமிச்சை உப்பில் நின்றோம். மளிகைக் கடையில் கேட்டாலே கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்தான் அது.

வினிகரும் நல்லதுதான். அதில் இருப்பது 4, 5 சதவீத அசிட்டிக் அமிலம். நேற்று படிந்த வெள்ளைப் படலம் போகும், பழைய கட்டிக்கு நேரம் பிடிக்கும். ஆனால் பாட்டில் பாட்டிலாகத் தீரும், வாடையும் சீக்கிரம் போகாது.

ஆசிட்டின், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின், வேகத்தை மறுக்க முடியாது. ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு உப்பு கரைந்துவிடும். சில்லறையாக ஆசிட் விற்பதற்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்த பிறகும் தெருவில் கூவி விற்கிறார்கள். கழிவறைக்கென்று கடையில் வாங்கும் திரவங்கள் பலவற்றிலும் இதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது.

நான் ஆசிட்டை வேண்டாம் என்பதற்கு முதல் காரணம், அடுத்த முறை என்ன ஆகும் என்பது. உப்பில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டோடு அது நிற்பதில்லை. டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டையும் அரிக்கும், குழாயின் குரோமியப் பூச்சையும் கரைக்கும். முன்பு குடியிருந்தவர்கள் ஆசிட் ஊற்றியே கழுவியிருக்கிறார்கள். வாஷ்பேசின் குழாயின் அடியில் பூச்சு உரிந்து மஞ்சள் பித்தளை தெரிகிறது, இடுக்குகளில் விரல் வைத்தால் மணல் மணலாக உதிர்கிறது. இப்படிச் சொரசொரப்பான இடத்தில்தான் தண்ணீர் தேங்கிக் காய்கிறது, உப்பும் சீக்கிரம் பிடிக்கிறது. பளபளப்புப் போகாத பக்கத்துக் குழாயில் அந்த அளவுக்குக் கறை சேர்வதில்லை. ஒவ்வொரு முறை ஆசிட் ஊற்றும்போதும் அடுத்த கறைக்கு இடம் செய்துகொடுக்கிறோம். அதன் ஆவி பட்டால் பக்கத்திலுள்ள துண்டுக் கம்பியும் கதவுக் கீலும்கூடத் துருப்பிடிக்கும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அதைச் சுவாசித்துக்கொண்டு தேய்ப்பது பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

எலுமிச்சை உப்புக்கு நேரம் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்தால் போதும். கழற்ற முடியாத ஷவருக்கு, கரைசலைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, முகப்பு மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம். சல்லடையைக் கழற்றிக் கிண்ணத்தில் போடுங்கள். குழாயின் அடியில் நனைத்த துணியைச் சுற்றுங்கள், கமோடின் உள்விளிம்பில் நனைத்த டிஷ்யூ பேப்பரை அடைத்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் சுண்ணாம்புத் தூள் போல வந்துவிடும். காயுமுன் நிறைய தண்ணீர் விட்டு அலசுவது முக்கியம், இல்லையென்றால் கறையும் சிட்ரிக் ஆசிட்டும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட் வெள்ளையாகத் தங்கிவிடும். அது சூட்டில் இன்னும் குறைவாகத்தான் கரையும், அதனால் கொதிநீர் வேண்டாம்.

இதுவும் அமிலம்தான். கடப்பா கல், மார்பிள், மொசைக், ஆத்தங்குடி டைல்ஸ் எதிலும் படக்கூடாது, கல்லின் மெருகு போய்விடும். சிமெண்ட் இடுக்கில் ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். ஆசிட்டுக்குச் சொல்லும் இந்த எச்சரிக்கை எலுமிச்சை உப்புக்கும் பொருந்தும்.

எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண குரோமியக் குழாய்கள். கறுப்பு, தங்க நிறக் குழாய்களில் நான் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் மறைவான ஓரத்தில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கீசருக்குள் படியும் உப்பை மெக்கானிக்கிடமே விட்டுவிடுகிறேன். பல வருஷமாகப் பாறை போல இறுகிய கமோடுக்கு மட்டும் ஒரே ஒரு முறை கடைத் திரவம் ஊற்றுவதில் தப்பில்லை. பீங்கான் அதைத் தாங்கும். கையுறை போட்டு, கதவைத் திறந்து வைத்து, வெளியே தெறிக்காமல் ஊற்றுங்கள்.